இன்று ராத்திரிக்கு என்ன? – ஒரு மாதத்து இரவுச் சாப்பாட்டை முன்கூட்டியே திட்டமிடுவோம்

ரமளான் மாதத்தில் நம் வீடுகளில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "இன்று ராத்திரிக்கு என்ன?" என்பதே அது. ஷஃபான் பாதியிலேயே நோன்புக் கஞ்சிக்கு அரிசியும் பருப்பும் வெந்தயமும் வாங்கி வைத்துவிடுகிறோம். இஃப்தாருக்கு என்ன, சஹருக்கு எது, எந்த நாள் யார் வீட்டிலிருந்து பதார்த்தம் வரும் என்பதெல்லாம் ஏறக்குறைய முடிவாகிவிடும். ஷவ்வால் பிறந்து ஆறு நோன்பும் முடிந்த பிறகு பாருங்கள். அஸர் தொழுதுவிட்டு முஸல்லாவை மடிக்கும்போதே அந்தக் கேள்வி வந்து நிற்கும். அடுத்த ரமளான் வரை தினமும் நிற்கும்.

முப்பது நாள் சாப்பாட்டை முன்கூட்டியே யோசித்து நடத்தத் தெரிந்தவர்கள்தான் நாம். அதை மற்ற பதினொரு மாதங்களில் செய்வதில்லை, அவ்வளவுதான்.

சமைப்பது வேலை என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். என்ன சமைப்பது என்று முடிவெடுப்பதும் ஒரு வேலை என்பதை ஒப்புக்கொள்பவர்கள் குறைவு. ஃபிரிட்ஜில் என்ன மிச்சம் இருக்கிறது, மதியம் என்ன சாப்பிட்டார்கள், யாருக்கு எது ஆகாது, மாவு புளித்துவிட்டதா, தேங்காய் இருக்கிறதா என்று இத்தனையையும் ஒரே பெண் ஒரே நேரத்தில் தலையில் சுமக்கிறாள். மஃரிப் வரை விடை கிடைக்காவிட்டால் பையனிடம் காசு கொடுத்து பரோட்டா வாங்கி வரச் சொல்வதுதான் முடிவாகிறது.

எங்கள் வீட்டில் இது ஒரு மருத்துவரின் அறையில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. தஞ்சைக் கடற்கரை ஊர் எங்களுடையது. எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்மக்கள் தாய் வீட்டிலேயே இருப்போம். உம்மா, நான், தங்கை, எங்கள் இருவரின் பிள்ளைகள் நால்வர் என ஏழு பேர். ஆண்கள் இருவரும் வளைகுடாவில் இருக்கிறார்கள். உம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் எண் ஏறிக்கொண்டே போனது. மருத்துவர் மாத்திரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ராத்திரி எத்தனை மணிக்கு, என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். உம்மா என்னைப் பார்த்தார். நான் தங்கையைப் பார்த்தேன். மூவருக்கும் பதில் தெரியவில்லை. ஒரு நாள் ஏழரைக்கு இட்லி, ஒரு நாள் பத்து மணிக்குப் பரோட்டா. சில நாட்கள் மதியச் சோறு. இதை எப்படிச் சொல்வது?

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயுடன் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம் தெருவில் வீட்டுக்கு ஒருவர் என்று எண்ணினாலும் கணக்கு அதிகம் தப்பாது. அப்படிப்பட்ட வீடுகளில் இரவுச் சாப்பாட்டை அன்றன்றைக்கு விட்டுவைப்பது, உடம்புக்கு முடியாதவரின் தட்டில் எது விழும் என்பதை அதிர்ஷ்டத்திடம் விடுவதற்குச் சமம்.

முதலில் சாப்பிட்டதை எழுதுங்கள்

பெரும்பாலானோர் தவறுவது இந்த இடத்தில்தான். உற்சாகமாக உட்கார்ந்து யூடியூபில் பார்த்த முப்பது பதார்த்தங்களை எழுதுவார்கள். மூன்றாம் நாளே பட்டியல் அலமாரிக்குள் போய்விடும். வீட்டில் யாரும் சாப்பிட்டுப் பழகாத, செய்தும் பழகாத சாப்பாட்டை வைத்துப் பட்டியல் போட்டால் அது நிற்காது.

ஆகவே முதல் மாதம் எதையும் மாற்றாதீர்கள். ஒவ்வோர் இரவும் படுக்கும் முன் நாட்காட்டியின் கட்டத்தில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, கடையில் வாங்கியதா, மிஞ்சி எறிந்தது என்ன என்று நான்கு விஷயத்தை மட்டும் எழுதுங்கள். நாங்கள் எழுதிப் பார்த்ததில் முப்பது இரவில் பதினொரு இரவு கடைச் சாப்பாடு. வீட்டில் யாருமே நம்பவில்லை. "வாரத்துக்கு ஒரு தடவைதானே வாங்குறோம்" என்றுதான் உம்மா அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது இரவு இட்லி அல்லது தோசை. ஒவ்வொரு வாரமும் ஒரு பாத்திரம் ஆணமாவது கொட்டப்பட்டிருந்தது. உலக அளவில் 2022இல் வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து வந்தது என்றும் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. வீண்விரயம் கூடாதென்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கொட்டுவது எவ்வளவு என்று எழுதிப் பார்க்கும்வரை நாம் விரயம் செய்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றாது.

அந்தத் தாளிலேயே இன்னொன்றும் இருக்கும். உங்கள் வீட்டுக்குத் தெரிந்த, பிடித்த, உங்களால் அலுப்பில்லாமல் செய்ய முடிகிற இரவுச் சாப்பாடு எத்தனை வகை என்பது. பெரும்பாலான வீடுகளில் பத்துப் பன்னிரண்டுதான் தேறும். பயப்பட வேண்டாம், அது போதும்.

மாறாத நாட்களை முதலில் குறியுங்கள்

வெள்ளுத் தாளில் ஒன்றாம் தேதியிலிருந்து எழுதத் தொடங்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே முடிவாகிவிட்ட நாட்கள் இருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மதியம் நெய்ச்சோறும் தால்ச்சாவும் என்றால், அன்றிரவு வயிறு லேசானதையே கேட்கும். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், உம்மா போன்றவர்களுக்குத் தேங்காய்ப்பாலுக்குப் பதில் ஏதாவது காய் ஆணம். திங்கள், வியாழன் சுன்னத்தான நோன்பு வைப்பவர் வீட்டில் இருந்தால் அந்த இரண்டு நாளும் இரவுச் சாப்பாடு மஃரிபுக்கே வந்துவிடும். முந்தின இரவு செய்வது சஹருக்கும் உதவுமாறு இருக்க வேண்டும். என் தங்கை வைக்கிறாள். அவளுக்காக ஞாயிறு, புதன் இரவுகளில் கொஞ்சம் கூடுதலாகச் செய்து எடுத்துவைக்கிறோம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் நோன்பு வைப்பதாக இருந்தால், மருந்தின் நேரத்தையும் அளவையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு பிறகு பட்டியலைப் போடுங்கள்.

அய்யாமுல் பீழ் நோன்பு வைப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பிறை 13, 14, 15 ஆங்கிலத் தேதிக்குள் ஒரே இடத்தில் நிற்காது. ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாள் குறைவு, மாதமும் 29 அல்லது 30. சம்பளம், பள்ளிக்கூடம், கேஸ் சிலிண்டர் எல்லாம் ஆங்கிலத் தேதியில் ஓடுவதால் பட்டியலை ஆங்கில மாதத்துக்குப் போட்டு, பிறைத் தேதிகளை மேலே பென்சிலால் குறித்துக்கொள்வதே வசதி. பேனா வேண்டாம். ஒரே தெருவில் இரண்டு பிறை இருக்கும் ஊர்கள் நம்முடையவை.

ஆறு நாளும் நான்கு வாரமும்

இப்போதுதான் பட்டியல். முப்பது இரவுக்கு முப்பது சாப்பாடு யோசிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு அடிப்படைச் சாப்பாட்டை நிலையாக வைத்துவிடுங்கள். மாறுவது தொட்டுக்கொள்ளும் பண்டம் மட்டும். எங்கள் வீட்டில் செவ்வாய் என்றால் சப்பாத்தி. முதல் வாரம் பாசிப்பருப்பும் கீரையும், இரண்டாம் வாரம் முட்டை ஆணம், மூன்றாம் வாரம் கொண்டைக்கடலை, நான்காம் வாரம் கோழி ஆணம். சப்பாத்தி மாறவில்லை, ஆனால் ஒரே சாப்பாட்டை மாதத்தில் இரண்டு தடவை சாப்பிட்டதாக யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளி மாலை மாவு அரைத்தால் சனி இட்லி. மிச்ச மாவு ஃபிரிட்ஜில் இருக்க, திங்கள் தோசை. புதன் சோறும் மீன் ஆணமும். வியாழன் கோதுமை ரவை அல்லது காய்கறி போட்ட கஞ்சி, நோன்பு திறந்த வயிற்றுக்கும் அது சுகம்.

வாரத்தில் ஆறு நாள், நான்கு வாரம், ஆக 24 இரவு. மீதி ஆறேழு இரவை வேண்டுமென்றே காலியாக விடுங்கள். இதைத்தான் பலர் செய்வதில்லை. நம் ஊர்களில் ஒரு மாதத்தில் எத்தனை நிக்காஹ், எத்தனை வலிமா, எத்தனை வீட்டிலிருந்து களறிச் சாப்பாடு வருகிறது! வெளிநாட்டிலிருந்து வந்தவரைப் பார்க்கப் போனால் சாப்பிடாமல் விடமாட்டார்கள். சமைப்பவருக்குத் தலைவலி வரும். ஃபிரிட்ஜில் மூன்று கிண்ணத்தில் மூன்று வித ஆணம் மிஞ்சியிருக்கும். காலி இரவுகள் இதற்கெல்லாம். பரோட்டாவும் அதில்தான் வரும். பரோட்டாவை நாங்கள் விலக்கவில்லை. மாதத்தில் ஒரு காலி இரவு அதற்கென்றே இருக்கிறது, பிள்ளைகள் நாட்காட்டியில் அதைச் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

திடீர் விருந்தாளிக்கு என்று தனியாக ஒரு கையிருப்பு. ஒரு டஜன் முட்டை, ரவை, ஃபிரீசரில் அரைக் கிலோ கைமா. இதை அன்றாடச் செலவுக்குத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தொடப்படுகிறது என்பது வேறு விஷயம்.

முந்தின நாள் வேலை

ஒவ்வொரு கட்டத்தின் கீழேயும் சிறிய எழுத்தில் இன்னொரு வரி எழுத வேண்டும். அந்தச் சாப்பாட்டுக்கு முந்தின நாள் என்ன செய்ய வேண்டும் என்பதே அது. செவ்வாய் கொண்டைக்கடலை என்றால் திங்கள் இரவு ஊற வைக்க வேண்டும். கோழி என்றால் திங்கள் இரவே ஃபிரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். என் அனுபவத்தில், பட்டியல் போட்ட வீடுகளில் அது உடைவது இந்த ஒரு வரி இல்லாததால்தான். ஆறு மணிக்குக் கல்லாக உறைந்த கறியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவளுக்குப் பட்டியல் இருந்தும் பயனில்லை.

கறியை மொத்தமாக வாங்குவது மிச்சம்தான், ஆனால் இரண்டு கிலோவையும் ஒரே பையில் போட்டு உறைய வைக்காதீர்கள். ஒருவேளைக்கு ஆகும் அளவாக, அரை அரைக் கிலோவாகத் தட்டையாகப் பரப்பிப் பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். வெளியே மேடையில் வைத்து இளக வைப்பதும், இளகியதை மறுபடி உறைய வைப்பதும் வேண்டாம். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானி இறைச்சிக்கு இது இன்னும் முக்கியம். பங்கு பிரித்துக் கொடுத்தது போக வீட்டுக்கு வந்ததை அன்றே இப்படிப் பிரித்து வைத்துவிட்டால் அந்த மாதப் பட்டியலில் கறி நாட்களுக்குக் கடைக்கே போக வேண்டியிருக்காது.

மதியம் வடித்த சோற்றை இரவுக்கு வைப்பது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மதியம் ஒன்றரைக்கு இறக்கிய சோறு இரவு எட்டரை வரை அடுப்படியில் இருந்தால் ஏழு மணி நேரம். சோற்றில் வளரும் ஒருவகை நுண்ணுயிர் விடும் நச்சு திரும்பச் சூடு செய்தாலும் போகாது. இரவுக்கு வேண்டிய சோற்றை மதியமே தனியாக எடுத்து, அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிடும் முன் ஆவி பறக்கச் சூடாக்குங்கள். ஆணமும் அப்படியே. கோடையில் நம் பக்கத்துப் புழுக்கத்துக்கு இரண்டு மணி நேரம்கூட அதிகம்.

பட்டியலிலிருந்து மளிகை

மளிகைச் சீட்டைப் பலரும் பழக்கத்தில் எழுதுகிறோம். போன மாதம் வாங்கியதையே இந்த மாதமும் வாங்கிவிடுவோம். பட்டியல் இருந்தால் சீட்டை அதிலிருந்து எழுதலாம். எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு மூன்று, பிள்ளைகளுக்கு இரண்டு என்று ஒரு வேளைக்கு 17 சப்பாத்தி. ஒரு கிலோ கோதுமை மாவில் சுமார் 30 வரும். ஆகவே ஒரு செவ்வாய்க்கு 600 கிராமுக்குள் முடிந்துவிடும், மாதம் நான்கு செவ்வாய்க்கு இரண்டரைக் கிலோ தாராளம். அதுவரை நாங்கள் மாதம் ஐந்து கிலோ வாங்கி, பாதியை வண்டுக்குக் கொடுத்திருக்கிறோம். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு எத்தனை இரவுக்கு வருகிறது என்று பார்த்தபோதும் இதே கதைதான். அது போதாதென்று நினைத்துக் கடையிலும் ஒரு கிலோ வாங்கிக்கொண்டிருந்தோம். மாதத் தொடக்கத்தில் மச்சான் அனுப்பும் பணத்தில் மளிகைக்கு இவ்வளவு என்று இப்போது முதல் தேதியே சொல்ல முடிகிறது. முன்பெல்லாம் இருபதாம் தேதிக்கு மேல் தயங்கித் தயங்கிப் போன் செய்வேன்.

பட்டியல் யாருடையது?

பட்டியலால் ஒரு கெடுதலும் வரலாம், அதையும் சொல்லிவிட வேண்டும். சுவரில் ஒட்டிய மறுநாளே அது ஹோட்டல் மெனு கார்டு ஆகிவிடும். "இன்னைக்குக் கோழின்னு போட்டிருக்கு, எங்கே கோழி?" என்று மூத்த பையன் கேட்டான். கட்டார் நேரத்துக்கு வீடியோ காலில் வந்த அவன் வாப்பாவும் சிரித்துக்கொண்டே அதையே கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுமையைக் குறைக்கப் போட்ட தாள் எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிட்டது.

அதன்பின் இரண்டு மாற்றம் செய்தோம். வாரத்துக்குள் எந்த நாளையும் எந்த நாளோடும் சமைப்பவர் மாற்றிக்கொள்ளலாம், கேள்வி கிடையாது. இரண்டாவது, பட்டியலை நான் தனியாக எழுதுவதில்லை. மாதக் கடைசி வெள்ளியன்று எல்லோரும் உட்கார்ந்து எழுதுகிறோம். ஆளுக்கு ஓர் இரவு அவரவர் விருப்பம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், பையன்கள் உள்பட, தாங்கள் கேட்ட இரவில் ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும். பதினான்கு வயதுப் பையன் இப்போது வட்டமாகத் தோசை ஊற்றுகிறான். முதல் மாதம் ஊற்றிய தோசைகள் இலங்கை வரைபடம் போல இருந்தன, அதையும் சாப்பிட்டோம்.

நேரமும் அப்படி உட்கார்ந்தபோது முடிவானதுதான். பிள்ளைகள் மஃரிபுக்குப் பின் மதரஸா போய் வருகிறார்கள், அதனால் இஷாவுக்கு முன் எல்லோரும் சேர முடியாது. உம்மாவால் பத்து மணிவரை காத்திருக்க முடியாது. இஷா தொழுததும் எட்டேகாலுக்கு விரிப்பு போடுவதென்று ஆனது. என்ன சாப்பாடு என்று முன்னாடியே தெரிந்திருப்பதால் மட்டுமே இந்த நேரம் சாத்தியமாகிறது. ஆளுக்கொரு நேரம் தட்டைத் தூக்கிக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தவர்கள் இப்போது பெரும்பாலான இரவுகளில் ஒரே விரிப்பில் உட்காருகிறார்கள். வெள்ளி இரவு மட்டும் பெரிய சஹனில் எல்லோரும் சேர்ந்து. இடியாப்பத்தைச் சஹனில் வைத்துச் சாப்பிடுவது குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு.

உம்மாவின் சர்க்கரை ஆறு மாதத்தில் இறங்கியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். மாத்திரையை மருத்துவர் மாற்றினார், உம்மாவும் ஃபஜ்ருக்குப் பின் நடக்கத் தொடங்கினார். எனவே பட்டியலுக்கே எல்லாப் பெருமையும் கொடுக்க மாட்டேன். ஆனால் அடுத்த முறை மருத்துவர் கேட்டபோது தாளை நீட்ட முடிந்தது. அவர் அதில் இரண்டு இடத்தில் பேனாவால் கோடு போட்டார். இட்லி நாளில் எண்ணிக்கை, சோற்று நாளில் அளவு. பொத்தாம் பொதுவாக "சோற்றைக் குறைங்க" என்று கேட்டுவிட்டு வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

இப்போது ஏப்ரல் தாளை எழுதிக்கொண்டிருக்கிறோம். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப் படகு மீன் கொஞ்சம் வரும், விலை கைக்கு எட்டாது. ஆகவே இரண்டு புதன்கிழமை மீனை எடுத்துவிட்டு ஒன்றில் புளியாணமும் முட்டையும் வைத்திருக்கிறோம். இன்னொன்றில் தங்கை "கருவாடு?" என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு என்பதே உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, உம்மாவுக்கு ரத்த அழுத்தமும் உண்டு. உம்மாவோ கருவாடு இல்லாத சித்திரை ஒரு சித்திரையா என்கிறார். கேள்விக்குறி இன்னும் அழிக்கப்படவில்லை.